மாற்றுறுப்பும் பூசணமும்



தேஹு ரோட்டில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவருக்குப் பூசணத்தை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஆனி பிறந்து, லோணாவளைப் பக்கத்து மலைகளிலிருந்து மேகம் இறங்கத் தொடங்கியதும் வீட்டுச் சுவரின் மூலையில் கரும்புள்ளிகள் தோன்றும். பெட்டியடியில் வைத்த தோற்செருப்பு சாம்பல் பூத்துக் கிடக்கும். ஊரிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயின்மேல் வெள்ளை ஆடை படரும். நாம் துணியால் துடைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறோம். அதன் விதைத்துகள்களை மூச்சுக்கு மூச்சு உள்ளே இழுக்கிறோம். ஆயினும் நமக்கு ஒன்றும் நேர்வதில்லை.

ஆனால் நம்மிடையே ஒரு சாரார் இருக்கின்றனர். பிறர் ஈந்த சிறுநீரகத்தையோ கல்லீரலையோ இருதயத்தையோ தம் உடலில் தாங்கி வாழ்பவர்கள் அவர்கள். ஊறுகாய்ச் சாடியில் நாம் அலட்சியமாகத் துடைத்தெறியும் அதே இனத்துப் பூசணம் அவர்களுக்கு உயிர்ப்பகையாக மாறக்கூடும். அது எதனால், எவ்வாறு மாறுகிறது, வீட்டிலிருப்போர் செய்யத் தக்கது யாது என்பவற்றை இன்று சிறிது பேசுவோம். நாம் மருத்துவர் அல்லோம். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் காலந்தள்ளுகிறவர்கள். எனினும் மருத்துவமனைத் தாள்களைத் தமிழாக்கித் தரும்படி அக்கம்பக்கத்தார் நம்மிடம் வருவது வழக்கமாகிவிட்டதால், இப்பொருளைச் சற்று ஊன்றிப் பயில நேர்ந்தது.

முதலில் பெயரைப்பற்றி ஒரு சொல். காளான், பூஞ்சை, பூஞ்சணம், பூசணம் என்று தமிழில் பல வழங்குகின்றன. குடைபோல முளைப்பதைக் காளான் என்கிறோம். பண்டங்களின்மேல் படர்வதைப் பூசணம் என்கிறோம். பாடநூல்கள் பூஞ்சை என்ற சொல்லை நிலைநாட்டிவிட்டன. 2021-ஆம் ஆண்டில் நாளேடுகள் எல்லாம் ‘கருப்புப் பூஞ்சை’ என்று எழுதியபோது நம் தொழிற் புத்திக்கு அது சிறிது உறுத்திற்று. மியூக்கர் வகையைச் சேர்ந்த அந்தப் பூஞ்சை கருப்பானதன்று. அது இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைப்பதால் இரத்தம் எட்டாமல் மடிந்துபோகும் சதைதான் கருக்கிறது. கருமையைக் கண்ட பிறகே நோயென்று நினைப்பவர், சதை மடியும்வரை காத்திருந்தவராகிவிடுகிறார். பெயர் தவறானால் எச்சரிக்கையும் தவறிப்போகும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இனி, உடலின் காவலைப்பற்றிப் பார்ப்போம். தேஹு ரோட்டு மக்களுக்கு இதை விளக்குவது எளிது. இராணுவப் பண்டகசாலை வாசலில் காவலர் நிற்கின்றனர். அடையாளச் சீட்டு உள்ளவரை உள்ளே விடுகின்றனர், இல்லாதவரைத் தடுக்கின்றனர். உடலிலும் அவ்வாறே ஒவ்வோர் உயிரணுவின் மேற்பரப்பிலும் ஓர் அடையாளம் உண்டு. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அதைச் சோதித்துக்கொண்டே சுற்றுகின்றன. அக்காள் அன்போடு ஈந்த சிறுநீரகமாயினும், வெள்ளணுக்களின் கண்ணுக்கு அது சீட்டில்லாத அயலாரே. அதை அழிக்கத்தான் அவை முற்படும். ஆகவே காவலரைச் சற்று அயரச் செய்யும் மருந்துகளை மருத்துவர்கள் தருகின்றனர். அம்மருந்தை நாள் தவறாமல், உறுப்பு உடலில் உள்ளவரை உட்கொள்ளவேண்டும். காவலர் அயர்ந்தால் உள்ளே வருபவர் ஒருவரோடு நிற்பாரா? வேண்டாத விருந்தாளிகளும் நுழைகின்றனர். அவர்களுள் ஒருவன் பூசணம்.

அயலுறுப்பை உடல் ஏற்காது என்ற இச்சிக்கலே நெடுங்காலம் மருத்துவர்களின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. 1954-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்பவர் சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தி வெற்றி கண்டார். ஆனால் அங்கே ஈந்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைச் சகோதரர்கள். இருவர் சீட்டும் ஒன்றே என்பதால் காவலர் தடுக்கவில்லை. நம் நாட்டில் 1965-இல் பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் முயற்சி நடந்தது. பின்னர் 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்றம் வெற்றிகரமாக நிறைவேறியது. தமிழ் மண்ணுக்கு அது ஒரு பெருமை. அக்காலத்து மருந்துகள் காவலரை அயரச் செய்வதற்குப் பதில் அடியோடு வீழ்த்திவிடும் இயல்புடையவை. மிகுந்த அளவில் ஸ்டீராய்டு கொடுக்கவேண்டியிருந்தது. உறுப்பு பிழைத்து, நோயாளி தொற்றினால் மாண்ட நிகழ்ச்சிகள் உலகெங்கும் பல.

இந்நிலையை மாற்றியது எது தெரியுமா? ஒரு பூசணமே! ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் என்ற மருந்துக் கம்பெனி, விடுமுறைக்குச் செல்லும் தன் ஊழியர்களிடம், போகுமிடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துவரும்படி சொல்லியனுப்பும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. நார்வே நாட்டின் ஹர்டாங்கர்விட்டா பீடபூமியிலிருந்து 1969-இல் வந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. அது சுரக்கும் பொருள் பிற பூஞ்சைகளைக் கொல்லுமோ என்றுதான் முதலில் பார்த்தார்கள். அவ்வகையில் அது பெரிதாகத் தேறவில்லை. ஆனால் ஸ்டேஹெலின், போரெல் முதலிய ஆய்வாளர்கள் 1972-இல், அது வெள்ளணுக்களுள் ஒரு பிரிவை மட்டும் அடக்குவதைக் கண்டனர். அதுவே சைக்ளோஸ்போரின். 1983-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் அதற்குக் கிடைத்தது. அதன்பிறகே கல்லீரலும் இருதயமும் மாற்றிப் பொருத்துவது பரவலான வைத்தியமாயிற்று.

இன்று நம் நோயாளிகள் உட்கொள்ளும் மைக்கோஃபினோலேட் என்ற மாத்திரையின் மூலமும் ஒரு பூசணந்தான். இத்தாலியரான கோஸியோ என்பவர் 1893-இல் கெட்டுப்போன மக்காச்சோளத்தில் படர்ந்திருந்த பூசணத்திலிருந்து அதன் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார். டாக்ரோலிமஸ் மட்டும் பூசணத்தினதன்று. ஜப்பானில் சுகுபா மலையடி மண்ணில் 1984-இல் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிர் தந்தது. ஆக, காவலை அயரச் செய்யும் மருந்தைத் தருவதும் பூசண இனம். அயர்ந்த காவலைப் பயன்படுத்தி உள்ளே நுழைவதும் பூசண இனம்.

எவ்வெப் பூசணம் வருகிறது? பட்டியலாகச் சொல்லி அலுப்பூட்ட விரும்பவில்லை. முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்வோம். கேண்டிடா என்பது நம் வாயிலும் குடலிலும் எப்போதுமே குடியிருப்பது. அறுவை முடிந்த முதல் மாதத்தில், உடலில் குழாய்களும் ஊசிகளும் செருகியிருக்கும் வேளையில், அது இரத்தத்தில் ஏறிவிடலாம். வீடு திரும்பிய பின் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த்திட்டுப்போல வெண்மையாகப் படரலாம். விழுங்கும்போது நோவு காணலாம். அஸ்பெர்ஜில்லஸ் என்பது காற்றில் வருவது. மக்கும் இலைதழையிலும், வைக்கோலிலும், கட்டடம் இடிக்கும் புழுதியிலும் அதன் துகள்கள் உள்ளன. நுரையீரலைப் பற்றும் அது இருமல், நெஞ்சு நோவு, சளியில் இரத்தம் என வளரும். பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் தலைகாட்டும், பின்னரும் வரலாம். கிரிப்டோகாக்கஸ் தாமதமாக வருபவன். புறாவின் எச்சத்தில் வாழ்வது அது. ஆண்டுகள் சென்று, எல்லாம் நலமென்று இருக்கும்போது மூளையின் உறையைத் தாக்கும். அதன் அறிகுறியோ வெறும் தலைவலி. வாரக்கணக்கில் விடாத தலைவலி. மியூக்கர் சர்க்கரை நோயுள்ளவரைத் தேடிவரும். ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சர்க்கரையை ஏற்றக்கூடியவை ஆதலின், முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் மாற்றறுவைக்குப் பின் அது வருவதுண்டு.

நியூமோசிஸ்டிஸ் என்ற ஒன்று நெடுங்காலம் வேறு இனத்துக் கிருமியென்றே எண்ணப்பட்டு, 1988-இல்தான் பூஞ்சை இனத்தது என்று உறுதியாயிற்று. அதைத் தடுக்கவே முதல் மாதங்களில் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை தருகிறார்கள். ‘காய்ச்சலே இல்லையே, இது எதற்கு?’ என்று அதை நிறுத்திவிடுவோர் உண்டு. எதற்கென்று சொல்லிவிட்டோம்.

இன்னொன்று ஏழை எளியவரிடம் மிகுதி. வெறுங்காலுடன் நடந்து முள்ளோ சிராயோ குத்திய இடத்தில், மாதங்கள் கழித்து, நோவில்லாத ஒரு கட்டி எழும். அது மண்ணிலுள்ள கருநிறப் பூஞ்சைகளின் வேலை. இந்த இனம் உண்மையாகவே கருநிறமுடையது. நோவில்லை என்பதால் எவரும் மருத்துவரிடம் காட்டுவதில்லை. காட்டினால் பெரும்பாலும் சிறு அறுவையோடு தீரும்.

இத்தகைய நோய் எவ்வளவு பேருக்கு வருகிறது என்று கேட்கலாம். அமெரிக்காவில் 23 மருத்துவ நிலையங்கள் ஒன்றுகூடி 2001 முதல் 2006 வரை ஒரு கணக்கெடுத்தன. மாற்றுறுப்பு பெற்ற ஓராண்டுக்குள் உட்பரவும் பூசண நோய் கண்டவர், சிறுநீரகம் பெற்றோரில் நூற்றுக்கு 1.3, இருதயம் பெற்றோரில் 4, கல்லீரலில் 4.7, நுரையீரலில் 8.6, சிறுகுடலில் 11.6. நம் நாட்டில் நடைபெறும் மாற்றறுவைகளுள் பெரும்பாலானவை சிறுநீரகமே. எனினும் நூற்றுக்கு ஒன்றுதானே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. நம் நாட்டு மருத்துவமனைகள் சிலவற்றிலிருந்து வெளிவந்த அறிக்கைகள் இதனினும் கூடுதலான விழுக்காட்டையே காட்டியுள்ளன. வெப்பமும் ஈரமும் புழுதியும் சர்க்கரை நோயும் ஒருங்கே கூடிய நாடன்றோ இது!

இப்போது நம் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நம் குடியிருப்பில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். அவருடைய மூத்த அக்காள் ஒரு சிறுநீரகத்தை ஈந்து தம்பியைக் காப்பாற்றினார். இரண்டாண்டு நன்றாக ஓடிற்று. ஒரு மழைக்காலத்தில் அவருக்கு இடுப்பில் படர்தாமரை கண்டது. களிம்பு தடவிப் பார்த்தும் அடங்கவில்லை. மருந்துக் கடையொன்றில் கேட்டார். கடைக்காரர் சீட்டு எதுவும் கேளாமல் ஒரு பட்டை நிறைய மாத்திரையுறை எடுத்துக் கொடுத்தார். பத்து நாள் கழிந்திருக்கும். ஒரு மாலை அவர் மனைவியார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் படித்துச் சொல்லுங்களேன். இரண்டு நாளாக அவர்களுக்குக் கை நடுக்கம். காப்பித் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தலையும் வலிக்கிறது என்கிறார்கள்.”

வாங்கிப் பார்த்தோம். இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி. தாளின் கீழே எறும்பு எழுத்தில், எந்தெந்த மருந்து உட்கொள்வோர் இதைத் தம் விருப்பப்படி உண்ணலாகாது என்று ஒரு வரிசை. அதில் டாக்ரோலிமஸின் பெயர் இருந்தது.

“தம்பி எங்கே அம்மா? இன்றைக்கே புனேக்குப் போகவேண்டும். நாளைக்கு என்று வைக்காதீர்கள்,” என்றோம்.

அன்றிரவே போனார்கள். இரத்தத்தில் டாக்ரோலிமஸ் இருக்கவேண்டிய அளவைப்போல் பல மடங்கு ஏறியிருந்ததாம். அக்காள் தந்த சிறுநீரகம் தளர்ந்துபோயிருந்தது. மருத்துவர்கள் அம்மருந்தை நிறுத்தி, நாள்தோறும் இரத்தம் சோதித்து, சில வாரங்களில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தனர். நூற்றைம்பது ரூபாய்கூடப் பெறாத மருந்து அது. அக்காளின் கொடையை வாரிக்கொண்டு போகப் பார்த்தது.

இதன் காரணத்தை விளக்குவோம். இன்றைய பேச்சில் நேயர்கள் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இதுவே. டாக்ரோலிமஸையும் சைக்ளோஸ்போரினையும் நம் கல்லீரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. அச்சிதைவைக் கணக்கிட்டே மருத்துவர் அளவு வகுக்கிறார். ‘அசோல்’ என்று பெயர் முடியும் பூஞ்சைக்கொல்லிகளான ஃப்ளூகொனசோல், இட்ராகொனசோல், வோரிகொனசோல் முதலியவை அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகின்றன. சிதையாத மருந்து இரத்தத்தில் தேங்கி நஞ்சாகிறது. இம்மருந்துகள் தீயவை அல்ல. உண்மையான பூசண நோய் வந்தால் மருத்துவரே இவற்றைத் தருவார். ஆனால் அவர் டாக்ரோலிமஸின் அளவை முன்கூட்டியே குறைத்துவிட்டுத் தருவார். பூஞ்சைக்கொல்லியை நிறுத்தும்போது மறுபடியும் ஏற்றுவார். அந்த ஏற்ற இறக்கம் கடைக்காரருக்குத் தெரியாது; நமக்கும் தெரியாது. பம்பளிமாஸ் வகைப் பழங்களை உண்ணவேண்டாமென்று சொல்லியனுப்புவதும் அதே நொதியை எண்ணித்தான்.

இதற்கு நேர்மாறானது ஒன்றும் உண்டு. மார்பில் நிழல் விழுந்தால் நம் நாட்டில் முதலில் நினைப்பது காசநோயை. நினைப்பதில் தவறில்லை, மாற்றுறுப்பு பெற்றவருக்குக் காசநோயும் வருவதே. ஆனால் காசநோய் மருந்துகளுள் ரிஃபாம்பிசின் என்பது மேற்சொன்ன நொதியை முடுக்கிவிடும். டாக்ரோலிமஸ் விரைவில் சிதைந்துபோகும். அயர்ந்திருந்த காவலர் விழித்தெழுந்து சிறுநீரகத்தைத் தாக்குவர். மார்பிலிருப்பது காசமா, பூசணமா, இரண்டுமா என்று சளியை எடுத்து, வேண்டுமானால் நுரையீரலுக்குள் குழாய் விட்டு நீரெடுத்து ஆய்ந்த பிறகே மருந்து தொடங்கவேண்டும் என்று பெரிய மருத்துவமனைகளில் வற்புறுத்துவது இதனால்தான். ‘இத்தனை சோதனையா? பணம் பறிக்கிறார்கள்’ என்று உறவினர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறோம். இந்தச் சோதனையைப் பொறுத்தவரை அந்த முணுமுணுப்பு நியாயமன்று.

சரி, பூசணத்தைக் கொல்லும் மருந்துகள் எங்கிருந்து வந்தன? தேஹு ரோட்டிலிருந்து புனே செல்லும் மின்ரயிலில் ஏறினால் ஆகுர்டி, சிஞ்ச்வட் கழிந்து மூன்றாவது நிலையம் பிம்ப்ரி. அங்கே 1954-இல் மத்திய அரசு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற தொழிற்சாலையை நிறுவியது. உலக சுகாதார நிறுவனமும் குழந்தைகளுக்கான ஐக்கிய நாடுகள் நிதியும் அதற்குத் துணை நின்றன. பென்சிலின் செய்வது அதன் வேலை. பென்சிலினும் பூசணத்தின் சரக்குத்தானே! அத்தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் தலைமை வகித்தவர் எம். ஜே. திருமலாச்சார் என்ற பூஞ்சையியல் அறிஞர். அவரும் அவர் குழுவினரும் 1960-களின் தொடக்கத்தில், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்துப் புது நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பூசணத்தைக் கொல்லும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். நுண்ணுயிருக்கு ஊரின் பெயரால் ‘பிம்ப்ரினா’ என்றும், மருந்துக்குத் தொழிற்சாலையின் பெயரெழுத்துகளால் ஹாமைசின் என்றும் பெயர் சூட்டினர். வாய்ப்புண்ணுக்கும், காதில் படரும் பூசணத்துக்கும், தோல் நோய்க்கும் அது பயன்பட்டது. தினமும் அவ்வழியே ரயிலில் போய்வரும் நம்மவரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நமக்கே அண்மையில்தான் தெரிந்தது.

உடலின் உட்புறத்தைத் தாக்கும் நோய்க்கு ஹாமைசின் நிலைத்த மருந்தாகவில்லை. அந்த இடத்தை ஆம்ஃபோடெரிசின் பிடித்துக்கொண்டது. தென் அமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டு ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து 1950-களில் அது கிடைத்தது. வலிமை வாய்ந்த மருந்து. ஆனால் சிறுநீரகத்தைப் புண்படுத்துவது. சிறுநீரகம் பெற்ற ஒருவரின் பூசணத்தைத் தீர்க்கச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தையே ஊசியில் ஏற்றவேண்டிய மருத்துவரின் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். அம்மருந்தைக் கொழுப்பாலான நுண்குமிழிகளுக்குள் பொதிந்து கொடுத்தால் சிறுநீரகத்துக்குத் தீங்கு பெரிதும் குறைகிறது என்று பின்னர் தெரிந்தது. அயல்நாட்டில் செய்தது விலை மிகுந்திருந்தபோது, மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் நீலிமா க்ஷீர்சாகரும், டில்லியில் பேராசிரியர் பச்சாவத்தும் கூடி உழைத்து நம் நாட்டிலேயே அவ்வகை மருந்தை உருவாக்கினர். 2021-இல் கொரோனாவுக்குப் பின் மியூக்கர் நோய் பரவியபோது இம்மருந்துக்காகத்தான் மக்கள் ஊர் ஊராய் அலைந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில், நோயாளிகளின் விவரத்தைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டுமென்று மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஜூலை மாதத்துக்குள் 45,000-க்கு மேற்பட்டோர் நாடெங்கும் பதிவாயினர். மகாராஷ்டிரம் அதில் முன்வரிசையில் நின்றது. அவர்களுள் மாற்றுறுப்பு பெற்றவர் சிறு தொகையினரே. எனினும் சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் காவல் எவ்வளவு தளரும் என்பதை நாடு முழுவதும் கண்கூடாகப் பார்த்தது.

விலைக்கு வாங்கும் சிறுநீரகத்தைப்பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியுள்ளது. சட்டம் கிடக்கட்டும், அவ்வாறு மறைவில் நடந்த அறுவைகளில் உறுப்போடு பூசணமும் கூடவே வந்து, பொருத்திய இரத்தக் குழாயையே அரித்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

இனி வீட்டுக்கு வருவோம். மாற்றுறுப்பு பெற்றவர் இருக்கும் வீட்டில், மழைக்கு முன்பே சுவரில் நீர் கசியும் இடத்தைப் பூசிவிடவேண்டும். பூசணம் படர்ந்த சுவரைச் சுரண்டுவதும், பரண் தட்டுவதும், புறா எச்சம் கழுவுவதும் பிறர் வேலை. அவர் அவ்வேளையில் அங்கே இருத்தலும் ஆகாது. உலர்ந்த எச்சத்தைப் பெருக்கினால் துகள் பறக்கும். நனைத்துவிட்டு வழிப்பதே முறை. பால்கனியில் புறாவுக்குத் தானியம் இறைக்கும் புண்ணியத்தை அந்த வீட்டார் விட்டுவிடலாம். தொட்டியில் துளசி இருக்கட்டும். மண்ணைக் கிளறுவதும் உரம் இடுவதும் வேறொருவர் செய்யட்டும். சாலை விரிவும் அடுக்குமாடிக் கட்டுமானமும் ஓயாத இந்தப் பக்கத்தில், வெளியே செல்லும்போது மூக்கையும் வாயையும் நன்கு மூடும் முகக்கவசம் அணியவேண்டும். ஆண்டுதோறும் தேஹுவிலிருந்து துகாராமரின் பால்கி ஆகுர்டி வழியாகப் புறப்படும்போது, நம்மவரும் தரிசனத்துக்குப் போவதுண்டு. முதலாண்டில் அந்த நெரிசலையும் சேற்றையும் தவிர்த்தலே நலம். காலணியின்றி நடப்பது எந்த ஆண்டிலும் கூடாது. கோயிலுக்குள் போகவேண்டியிருந்தால் சுத்தமான தளமா என்று பார்த்துப் போகலாம்.

உணவில், பூசணம் கண்ட ஊறுகாயை மேலாக எடுத்தெறிந்துவிட்டு அடியிலுள்ளதைப் பரிமாறும் சிக்கனம் அவருக்கு வேண்டா. வாடை அடித்த நிலக்கடலையும் கொப்பரையும் அவ்வாறே. புளித்த இட்லி மாவைப்பற்றிப் பலர் கேட்கின்றனர். நன்றாக வெந்த இட்லிக்கு அஞ்சவேண்டியதில்லை என்றே மருத்துவர்கள் கூறுகின்றனர். சர்க்கரையின் அளவைக் கட்டுக்குள் வைப்பது இவை எல்லாவற்றினும் முக்கியம்.

ஸ்டீராய்டு உட்கொள்பவருக்குக் காய்ச்சல் முழு வேகத்தில் காய்வதில்லை என்பதை வீட்டார் அறிந்திருக்கவேண்டும். நமக்கு நூற்று மூன்று டிகிரி ஏறக்கூடிய நோய் அவருக்கு நூறோடு நிற்கும். ஆகவே ‘இலேசான சூடுதான்’ என்று இரண்டு நாள் பார்ப்பது அவர் விஷயத்தில் பொருந்தாது. விடாத இருமல், வாரம் கடந்த தலைவலி, பேச்சிலோ நினைவிலோ தடுமாற்றம், முகத்தின் ஒரு பக்கம் வீங்குதல், மூக்கடைப்போடு கண் நோவு, பார்வை இரண்டாகத் தெரிதல், தோலில் புதுக்கட்டி, இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குச் சொல்லவேண்டும். அதே சமயம், தொற்று வந்துவிடுமென்ற அச்சத்தால் டாக்ரோலிமஸையோ பிறவற்றையோ தாமாக நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் உறுப்பு போய்விடும். குறைப்பதா கூட்டுவதா என்பது இரத்தச் சோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யவேண்டியது.

சொல்வதிலும் நம்மவருக்கு ஓர் இடர் உண்டு. மராட்டியில் பூசணத்தைப் ‘புர்ஷீ’ என்பர்; இந்தியில் ‘ஃபஃபூந்த்’. செவிலியர் இச்சொல்லால் கேட்டால் பலர் விழிக்கின்றனர். காய்ச்சலுக்கு மராட்டியில் ‘தாப்’, இருமலுக்கு ‘கோக்லா’, தலைவலிக்கு ‘டோகேதுகீ’. சிறுநீரகம் மராட்டியில் ‘மூத்ரபிண்ட்’. இந்தியில் அதைக் ‘குர்தா’ என்பர். நம் எழுத்தில் எழுதினால் அது சட்டைக்கும் சிறுநீரகத்துக்கும் ஒன்றாகவே நிற்கும்! ‘குர்தா மாற்றியாயிற்றா?’ என்று மருத்துவமனை ஊழியர் கேட்க, நேற்றே துவைத்த சட்டை மாற்றியதாக ஒரு பெரியவர் விடை சொன்ன கதை எங்கள் பக்கத்தில் வழங்குகிறது. இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டிவைத்தால் உதவும்.

இராணுவப் பணியாளர் மிகுந்த நம் பகுதிக்கு ஒரு செய்தி. 2022 ஜூலையில் புனே தெற்குப் படைப்பிரிவின் ராணுவ மருத்துவமனையில், மூளைச்சாவு அடைந்த ஓர் இளம்பெண்ணின் குடும்பத்தார் அவருடைய உறுப்புகளை ஈந்தனர். சிறுநீரகங்கள் பணியிலிருந்த படைவீரர் இருவருக்குப் பொருத்தப்பட்டன. உறுப்பு மாற்றம் எங்கோ பெருநகரத்துச் செல்வருக்கு நடப்பது என்ற காலம் போயிற்று. நம் தெருவிலும் அடுத்த பாளையத்திலும் இத்தகையோர் வாழ்கின்றனர்.

கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்லும்போது, பயண நாள்களோடு இன்னும் பத்து நாளுக்குமாகச் சேர்த்து மாத்திரைகளை எண்ணிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் வேண்டா. அறுவை நடந்த நாள், ஈந்தவர் யார், இப்போதைய மருந்துகளும் அவற்றின் அளவும், கடைசி இரத்தச் சோதனையின் முடிவு ஆகியவை அடங்கிய மருத்துவமனைத் தாளின் நகல் ஒன்று உடன் இருக்கட்டும். ஊரில் காய்ச்சலோ இருமலோ கண்டால், தெரிந்த மருத்துவராயினும், அவர் எழுதுகோலை எடுக்கும் முன்பே அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடவேண்டும்.